அடியட்டைக்குக் கீழே

பிப்ரவரி 3

படச்சட்டக் கடைக்காரர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் வந்து சேர்ந்தது. மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்து, இங்கே கையெழுத்து என்று எழுதியிருக்கிறார். நில அளவை ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் வரைகிறவனுக்கு கோடு எங்கே இருக்கிறது என்று காட்ட ஓர் ஆள். இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நம் காகிதச் சிப்பாய்களில் நீலப்படை என்னிடம் வந்து சேர வேண்டும்.

ஆட்கள் நிற்கத் தொண்ணூற்றாறு அடியட்டை. ஒரு அட்டைக்கு நாலு ஆள். ஆளுக்கு இருபது மில்லிமீட்டர் உயரம். ஒவ்வொருத்தனின் முகத்தையும் முதுகையும் தலையோடு தலை ஒட்டின மாதிரி நான் வரைந்தேன், மடித்து ஒட்டினால் அவன் எழுந்து நிற்கிறான். சிவப்புப்படை என்னிடம், நீலப்படை உங்களிடம் என்று பிரித்து வைத்தது ஆடுகிற வசதிக்காக. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவீர்கள், சாயங்காலம் இடுக்கிக்கொண்டு போவீர்கள். ஏழு வருஷம் அப்படித்தான் நடந்தது. நவம்பர் பதினாறாம் தேதி போனவர் போனவர்தான். டப்பாவும் போனதுதான்.

மாப்ளே, நீங்கள் நீங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்குது. நீ செஞ்ச காரியத்துக்கு மரியாதை ஒரு கேடா. நேராவே சொல்றேன். அது என் கை வரைஞ்ச படை. உன் வீட்டுப் பரண்ல கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒவ்வொரு அட்டைக்கும் அடியில தேதியும் வரிசையும் எழுதியிருக்கு. எது எந்த வரிசைன்னு அதை வச்சுத்தான் தெரியும். அதை அழிக்காம அனுப்பு. அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சவனும் நான்தான், ஞாபகம் இருக்கட்டும். அன்னன்னைக்கு என்ன நடந்ததுன்னு ஒரு வரியும் சேர்த்து எழுதிக்கலாம்னு சொன்னதும் நான்தான்.

படை வந்த மறுநாள் கையெழுத்து வரும். வராட்டி காகிதம் இங்கேயே கிடக்கும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. அவசரமெல்லாம் உங்க அக்காவுக்குத்தான்.

இப்படிக்கு
வரைவாளன்


பிப்ரவரி 12

மாமா,

உங்க கடிதம் கடைக்கு வந்தது. கண்ணாடி அறுத்துக்கிட்டு இருந்தேன். பாதி படிச்சுட்டு அறுத்த கண்ணாடி கோணலாப் போச்சு. பதினாறு வருஷத்துல எனக்குக் கோணினது அது மூணாவது.

அக்காவைப் பத்தி ஒரு வரியாவது இருக்குமான்னு ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே இருக்கா, வேலைக்குப் போறாளா, அந்த உடைஞ்ச மணிக்கட்டு இப்ப எப்படி இருக்கு. ஒண்ணும் இல்லை. பதிமூணு வருஷம் கூட இருந்தவ வீட்டைவிட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு, நீங்க திருப்பிக் கேக்கறது காகித பொம்மையை.

நீங்க கேக்காட்டியும் சொல்றேன். அவ அதே மருந்துக்கடை வேலையிலதான் இருக்கா, கிளை மாத்தி வாங்கிட்டா. ஒரு ரூம் எடுத்திருக்கா. ஏப்ரல் ஆறாம் தேதி கோர்ட்டுல எடுக்கறாங்க. ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தா அன்னைக்கே முடிஞ்சிடும், இல்லாட்டி வருஷக்கணக்குல இழுக்கும்னு வக்கீல் சொல்றார். அவளுக்கு நாப்பத்திநாலு வயசு. இழுத்தடிக்க அவகிட்ட வருஷம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், அதனாலதான் அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க.

சரி, உங்க கை வரைஞ்ச படைங்கற பேச்சுக்கு வரேன். வரைஞ்சீங்க. யார் இல்லைன்னா. ஆனா வெட்டற வரைக்கும் அது வெறும் தாள், மாமா. ஒருத்தன் கையில இருக்கற வில்லுக்கும் அவன் இடுப்புக்கும் நடுவுல கடுகளவு இடம், அதுக்குள்ள கத்தி முனையை விட்டு எடுத்தவன் நான். வெட்டின ஓரம் வெள்ளையாத் தெரியக் கூடாதுன்னு சுத்தி மை தடவினவன் நான். படம் மாட்டற கடையில மிஞ்சின நல்ல அட்டையைப் பொறுக்கிக் கொண்டுவந்து நாப்பதுக்கு இருபது மில்லிமீட்டர்னு அறுத்துக் குடுத்தவன் நான். எல்லாத்தையும் மில்லிமீட்டர்ல சொல்றேன்னு எனக்கு மில்லின்னு பேர் வச்சீங்களே, அந்த மில்லிமீட்டர் இல்லாட்டி உங்க ஆளுங்க எல்லாம் மேசையில படுத்துத்தான் கிடந்திருப்பாங்க.

இன்னொண்ணு. நீலப்படை கொடிக்காரன் முதுகுப் பக்கத்தை நீங்க மாத்தாம அப்படியே வரைஞ்சுட்டீங்க. முன்னாடி பார்த்தா கொடி வலது கையில, மடிச்சு ஒட்டிப் பின்னாடி பார்த்தா இடது கையில. ஒருத்தனுக்கே ரெண்டு கொடி. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த முதுகை மட்டும் புதுசா வரைஞ்சு ஒட்டினேன். உங்ககிட்ட சொல்லலை. உங்க தப்பை உங்ககிட்ட சொல்ல அந்த வீட்டுல யாருக்கும் வாய் வந்ததில்லை. எனக்கும்தான்.

கையெழுத்து முதல்ல வரட்டும். படை அப்புறம் வரும்.

மில்லி


பிப்ரவரி 20

மாப்ளே,

கொடிக்காரன் விஷயம் எனக்கு அப்பவே தெரியும். முதுகுல துணிமடிப்புக் கோடு வேற ஒரு கை போட்ட கோடு. என் கோடு எது, இன்னொருத்தன் கோடு எதுன்னு எனக்குத் தெரியாதா. நீயா சொல்வேன்னு ரெண்டு வருஷம் காத்திருந்தேன். நீ சொல்லலை. அப்பவே நான் யோசிச்சிருக்கணும், இவன் என் முகத்துக்கு நேரா சிரிச்சுக்கிட்டே முதுகுப் பக்கம் வேற வேலை பார்க்கற ஆள்னு.

நவம்பர் பதினாறைப் பத்திப் பேசுவோமா. நீயா பேச மாட்டே. நானே சொல்றேன்.

அன்னைக்கு ஆட்டம் வேண்டாம், ஈட்டிக்காரங்களை முடிச்சிடலாம்னு சொன்னவன் நீ. ஈட்டி நூல் மாதிரி இருக்கும், ஒருத்தனை வெட்டி எடுக்க இருபது நிமிஷம் ஆகும், கண்ணை எடுக்க முடியாது, கையை எடுக்க முடியாது. உனக்குத் தெரியும். காலை பத்தரைக்கு உட்கார்ந்தோம். நீ வெட்ட வெட்ட நான் மடிச்சு ஒட்டினேன். ஆறு அட்டைக்கு ஆள் ஒட்டினோம், தரை மாதிரி தெரிய மணல் தூவினோம். நாலு சிவப்பு, ரெண்டு நீலம். நடுவுல நான் டீ வேணும்னு குரல் குடுக்க வாயைத் திறந்தேன். "இருங்க மாமா, நானே போட்டுட்டு வரேன்"னு எழுந்து உள்ளே போனே.

ஏழு வருஷத்துல இந்த வீட்டுல நீ ஒரு டீ போட்டதில்லை. ஒரு டம்ளரைக் கழுவினதில்லை. அன்னைக்குப் போட்டே. நான் மடையன், பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சேன்னு நினைச்சேன். உள்ளே அவ பெட்டி கட்டிக்கிட்டு இருந்திருக்கா. நான் எழுந்து சமையல்கட்டுக்கு வந்துடக் கூடாதுன்னு நீ காவல் காத்திருக்கே. என் மேசையில, என் எதிர்ல உட்கார்ந்து, என்னோட கத்தியை வச்சுக்கிட்டு என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கே.

ராத்திரி எட்டரைக்கு நான் சாப்பாடு எடுத்து வைன்னு ரெண்டு தடவை குரல் குடுத்தேன். மூணாவது தடவைதான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

இதுக்கு எப்போ திட்டம் போட்டீங்க ரெண்டு பேரும்? அந்த வாரமா, அந்த மாசமா? அவ எங்கிட்ட நாக்கு மேல பல்லைப் போட்டு ஒரு குறை சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா. உங்கிட்ட மட்டும் எப்போ சொன்னா? அதை மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்.

காகிதம் மேசை மேலதான் இருக்கு. பேனாவும் பக்கத்துலதான் இருக்கு. டப்பா வரலை.

வரைவாளன்


மார்ச் 1

மாமா,

டப்பா பார்சல்ல வருது. உங்களுக்குப் பணிஞ்சு அனுப்பலை, அக்காவுக்காக அனுப்பறேன். அவளுக்குத் தெரியாம அனுப்பறேன். தெரிஞ்சா, பொம்மைக்கு பதிலா என்னை விடறாராமான்னு கேப்பா. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல பஞ்சு வச்சிருக்கேன். ஈட்டி எதுவும் உடையலை. தொண்ணூத்தாறும் இருக்கு, எண்ணிக்கோங்க. அடியில எழுதினதை அழிச்சிடலாமான்னு ஒரு நாள் பூரா ரப்பரைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அழிக்காதேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதனால அழிக்கலை. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் எங்கிட்ட கேட்டா நான் சாக்குப்போக்கு சொல்லுவேன். அட்டை சொல்லாது.

ஒட்டி முடிச்சு டப்பாவுக்குப் போன அப்புறம் எதிராளி படையைக் கையால தொடக் கூடாதுங்கறது நம்ம மேசை விதி. ஏழு வருஷத்துல நீங்க என் ஆள் ஒருத்தனைத் தொட்டதில்லை, நான் உங்க ஆளைத் தொட்டதில்லை. இப்ப அது உங்க படை. தாராளமாத் தொடலாம், திருப்பலாம்.

கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க. ஏப்ரல் ஆறு. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தறவர்னுதான் உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

மில்லி


மார்ச் 9

அயோக்கியப் பயலே,

திருப்பினேன்.

முதல்ல வரிசை பிரிக்கறதுக்குத்தான் திருப்பினேன். வில்லாளிகள், இரண்டாம் வரிசை, மே 12. அதுக்குக் கீழே உன் கோழிக்கிறுக்கல். "அக்கா இன்னைக்கும் சமையல்கட்டுல நின்னுக்கிட்டே சாப்பிடறா. சாப்பாட்டு மேசையில பாதி சண்டை கிடக்கு, கலைக்கக் கூடாதாம்." அதுக்கு அப்புறம் நான் வரிசை பிரிக்கலை. ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பிக்கிட்டே போனேன்.

"ஆகஸ்ட் 4. அக்கா தண்ணியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாமாவுக்குப் பசை காயணுமாம்."

"ஆகஸ்ட் 25. மாவுக்கட்டோட இடது கையால சாப்பிடறா. நின்னுக்கிட்டுத்தான்."

"ஜனவரி 19. அக்கா சொல்லிட்டா. இனிமே முடியாதாம். மாமாகிட்ட சொல்லாதேன்னா. நான் சொல்லலை."

ஜனவரி. அவ போனது நவம்பர். பத்து மாசம். பத்து மாசத்துல எத்தனை ஞாயிற்றுக்கிழமைடா? நாப்பதுக்கு மேல. அத்தனையிலயும் டப்பாவை இடுக்கிக்கிட்டு வந்து, என் எதிர்ல உட்கார்ந்து, பகடையை உருட்டி, என் குதிரைப்படையை மடக்கினப்ப கை தட்டிச் சிரிச்சு, என் வீட்டு டீயைக் குடிச்சுட்டு, போய் அட்டைக்கு அடியில என் வீட்டு வண்டவாளத்தை எழுதி ஒட்டி வச்சிருக்கே. நான் வரைஞ்ச ஆளுங்க காலுக்குக் கீழே. நான் சொல்லிக் குடுத்த பழக்கத்துல.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆயிரம் வழி இருந்திருக்கும். மேசையை எடுத்துத் தெருவுல போட்டிருப்பேன். படையைக் கொளுத்தியிருப்பேன். எனக்கு அந்த சந்தர்ப்பத்தை நீ குடுக்கலை. அவ பொண்டாட்டி, கோபம் இருக்கும், அதை நான் ஏத்துக்கறேன். உனக்கு என்ன? நான் உனக்கு என்னடா பண்ணினேன்?

பசை காயணும்னு நான் சொன்னது உண்மைதான். மணல் தூவின அட்டை ஈரத்துல வளையும், நடுவுல எழுந்தா போச்சு. ரெண்டு மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வந்தேனா இல்லையா? வந்தேன். அதை ஏன் நீ எழுதலை?

கையெழுத்து கிடையாது. அவ வருஷக்கணக்குல கோர்ட்டுக்கு நடக்கட்டும். நீயும் கூடவே நட. அப்பவும் டீ போட்டுக் குடு.

வரைவாளன்


மார்ச் 15

மாமா,

நீங்க ரெண்டு மணி நேரத்துல வந்தீங்க. விரல் நகத்துல பசையோட வந்தீங்க. மாவுக்கட்டு போட்டு முடிச்சு அக்கா பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. நீங்க வந்ததும் எங்கிட்டதான் முதல்ல பேசினீங்க. "ரெண்டு அட்டை வளைஞ்சிடுச்சு மில்லி"ன்னீங்க. அதை நான் எழுதலை. எழுதியிருக்கணும்.

கேட்ட கேள்விக்கு பதில் சொல்றேன். நீங்க எனக்கு ஒண்ணும் பண்ணலை. நல்லதுதான் பண்ணினீங்க. கடையில நாள் பூரா மத்தவங்க கல்யாண போட்டோவுக்கும் செத்தவங்க போட்டோவுக்கும் சட்டம் அடிக்கற எனக்கு, வாரத்துல ஒரு நாள்தான் நாள் மாதிரி இருந்தது. அந்த மேசையில நான் யாரோ ஒரு படைத் தளபதி. ஜனவரி பத்தொன்பதாம் தேதி அக்கா சொன்னப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். அவ சொல்லாதேன்னா, அதனால சொல்லலைன்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். சொன்னா ஞாயிற்றுக்கிழமை போயிடும். அவ்வளவுதான் காரணம். என் அக்கா நின்னுக்கிட்டுச் சாப்பிட்டாலும் பரவாயில்லை, எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை வேணும்னு இருந்துட்டேன். அவளுக்கு இது இன்னும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், வேற யாருகிட்ட சொல்ல.

அதனால என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். உங்களைவிட நான் கேவலம். உங்களுக்கு அவ நிக்கறது தெரியலை. எனக்குத் தெரிஞ்சது, தெரிஞ்சும் பகடையை உருட்டினேன்.

ஆனா அவ ஒரு குறையும் சொன்னதில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் என்னால விழுங்க முடியலை. மேசையை ஒரு பக்கமாவது ஒதுக்கித் தாங்கன்னு அவ கேட்டது என் காதாலயே மூணு தடவை. மூணு தடவையும் நீங்க தலையை நிமிர்த்தலை. "ம்"னீங்க. அந்த ம்முக்கு சரின்னு அர்த்தம்னு அவ முதல் வருஷம் நம்பினா.

என் அட்டையெல்லாம் திருப்பிப் படிச்சுட்டீங்க. இப்ப உங்க சிவப்புப்படையைத் திருப்புங்க. நூத்தி நாலு அட்டை. ஏழு வருஷம், உங்க அழகான கையெழுத்து. எனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது, நான் உங்க ஆளைத் தொட்டதில்லை. நீங்களே பாருங்க. அதுல அக்கா எத்தனை தடவை இருக்கான்னு எண்ணுங்க. பத்து தடவை இருந்தா கையெழுத்து போட வேண்டாம், நானே அவளைக் கூட்டிக்கிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தறேன்.

நவம்பர் பதினாறு அட்டையையும் பாருங்க. அன்னைக்குச் செஞ்ச நீல அட்டை ரெண்டுல ஒண்ணுல தேதியும் வரிசையும் மட்டும் எழுதினேன். இன்னொண்ணுல ஒண்ணுமே எழுதலை. தொண்ணூத்தாறுல அது ஒண்ணுதான் வெறுமையா இருக்கும். பேனாவை எடுத்தேன், எழுத வரலை. நீங்க எதிர்ல உட்கார்ந்து ரொம்ப சந்தோஷமா என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்க. அது என்னன்னு எனக்கு அன்னையிலிருந்து ஒரே உறுத்தல்.

மில்லி


மார்ச் 29

மாப்ளே,

இதோட கையெழுத்து போட்ட காகிதம் இருக்கு. மூணு இடத்துலயும் போட்டிருக்கேன். குறி மேலயே.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் நான் சிவப்பு டப்பாவைத் திறக்கலை. நீ சொல்லி நான் செய்யறதான்னு ஒரு வீம்பு. அப்புறம் திறந்தேன். சாப்பாட்டு மேசையில வரிசையா எல்லாரையும் படுக்க வச்சேன், அட்டை மேல் பக்கம் வர்ற மாதிரி.

முதல் தடவை எண்ணினப்ப ஒண்ணு வந்தது. நடுவுல எங்கயோ விட்டிருப்பேன்னு மறுபடி எண்ணினேன். ஒண்ணு. மூணாவது தடவை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். அவ என் படையில ஒரே ஒரு அட்டையில இருக்கா. அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. "புல்தரைக்கு உலர்ந்த டீத்தூள் தீர்ந்தது. அவளைக் கேட்டேன். இல்லை என்றாள்." அவ்வளவுதான். அதுலயும் அவ இல்லைன்னுதான் சொல்றா.

மத்ததெல்லாம் என்ன தெரியுமா? மழை பெய்ததா இல்லையா. மணல் சலிச்ச சல்லடை பத்தி. மில்லி நாலாவது சுற்றில் தோற்றான். மில்லிக்கு ஜலதோஷம். மில்லி புது கத்தி வாங்கியிருக்கிறான். நீ இருபத்தேழு தடவை இருக்கே. ஆகஸ்ட் நாலுல, "இரண்டு அட்டை வளைந்துவிட்டது, மனசே சரியில்லை"ன்னு எழுதியிருக்கேன். அன்னைக்கு எனக்கு மனசு சரியில்லாதது நிஜம். எதுக்குன்னு அட்டையிலேயே இருக்கு.

நவம்பர் பதினாறு. நீ கேட்டியே. அன்னைக்கு நாலு சிவப்பு அட்டை, மூணுல தேதியும் வரிசையும் மட்டும்தான், முதல்ல இருக்கறதுல ஒரு வரி எழுதினேன். அப்படியே எடுத்து எழுதறேன்.

"ஈட்டிக்காரர், முதல் வரிசை. அருமையான ஞாயிறு. ஒரு தொந்தரவும் இல்லை."

இதுக்கு மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்லை. நான் மாறிட்டேன், திருந்திட்டேன்னு எழுதினா நீயே நம்ப மாட்டே. எனக்கு இன்னும் கோபம்தான். அவ மேல இருந்தது கொஞ்சம் குறைஞ்சு உன் மேல ஏறியிருக்கு. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, மாமா எழுந்து உள்ளே போய்ப் பாருங்கன்னு நீ சொல்லியிருக்கலாம். நீ டீ போடப் போனே.

நீலப்படையைத் திருப்பி அனுப்பறேன். காலுக்குக் கீழே என் வீட்டை எழுதி வச்சிருக்கற ஆளுங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. ஒரே ஒரு அட்டையை எடுத்துக்கிட்டேன், நீ ஒண்ணும் எழுதாத அந்த ஒண்ணு. அதுக்கு பதிலா அந்த வரி எழுதின என் ஈட்டிக்காரங்களை அந்த இடத்துல வச்சிருக்கேன், தேடாதே. அதை அவகிட்ட காட்டறதும் காட்டாததும் உன் இஷ்டம். நான் அவளுக்கு எழுதினது ஒண்ணாவது இருக்கட்டும்னு இல்லை. அவளுக்குத் தெரியணும், நான் அன்னைக்கு ஒண்ணும் சந்தேகப்படலை, பின்னாலேயே ஓடி வரலை, வழியை மறிக்கலை. அவ்வளவு நல்லவனா இருந்திருக்கேன்.

மேசை காலியா இருக்கு. நீ வராதே.

வரைவாளன்


ஏப்ரல் 7

மாமா,

நேத்து முடிஞ்சது. ரெண்டு கையெழுத்தையும் பார்த்தாங்க, பேரைக் கூப்பிட்டாங்க, அக்கா எழுந்து நின்னு ஆமான்னு சொன்னா. பத்து நிமிஷம்கூட ஆகலை.

வெளியே வந்து ஒரு ஓட்டல்ல உட்கார்ந்தோம். ஜனவரி பத்தொன்பதுல இருந்து நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு என்ன காரணம்னு அவகிட்ட சொல்லிட்டேன். "எனக்குத் தெரியும்டா"ன்னா. அதுக்கு அவ திட்டியிருக்கலாம்.

அப்புறம் உங்க அட்டையை எடுத்து மேசை மேல வச்சேன். குடுக்கறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா மனசுக்குள்ள அடிச்சுக்கிட்டேன். கடைசியில, இத்தனை நாளா அவகிட்டயிருந்து மறைச்சதெல்லாம் போதும்னு பட்டது. நாலு ஈட்டிக்காரங்களையும் ஒரு பார்வை பார்த்தா. நல்லா வெட்டியிருக்கேன்னா. ஏழு வருஷத்துல அவ அதையெல்லாம் கிட்டத்துல வச்சுப் பார்த்தது அதுதான் முதல் தடவை, தொட்டா திட்டுவீங்கன்னு தொட்டதே இல்லையாம். அப்புறம் திருப்பினா. படிச்சா. மறுபடி படிச்சா.

அழுவாளோன்னு பயந்தேன். அழலை. சிரிச்ச மாதிரி இருந்தது, சிரிப்பும் இல்லை. அவ சொன்னதை அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தையும் நான் சேர்க்கலை.

"சரியாத்தான் எழுதியிருக்கார். பெட்டிக்குச் சக்கரம் இருந்தது. உருட்டினா தரையில கடகடன்னு சத்தம் வரும், உங்க மேசை அதிரும்னு பின்வாசல் வரைக்கும் தூக்கிக்கிட்டே போனேன். இந்தக் கையாலதான்."

அந்தக் கையைத் திருப்பிக் காட்டினா. இன்னும் அது முழுசா மடங்கறதில்லை, மாமா. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிச்சா.

சாப்பாடு வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பறப்ப அந்த அட்டையை அவ எடுத்துக்கலை. சர்வர் வந்து தட்டை எடுக்கறப்ப, இது உங்களுதான்னு கேட்டார். நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.

மில்லி